அந்தச் சொக்ஸ் இன்னும் அப்பாவின் காலில்தான்

அன்புள்ள உறவுகளுக்கு,

அப்பா நல்லாக இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், சனிக்கிழமை இரவிலிருந்து தொலைபேசி ஓயவேயில்லை. கால்விரல்களுக்கு ஒன்றுமில்லை என்று வைத்தியரும் சொல்லிவிட்டார். இப்போது பக்கத்து அறையில் உறங்குகிறார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

மேப்பிள் தோட்டம் பார்க்க எல்லோருமாக பஸ்ஸில் போன இடத்தில் அப்பாவைக் காணாமல் தேடிய அந்த ஒன்றேகால் மணித்தியாலத்தைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. கூட வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆளைக் காணாமல் பஸ்ஸை எடுக்கமாட்டேன் என்று நின்ற சாரதி, சப்பாத்துக்குள் பனி புகப் புகக் காட்டுக்குள் ஓடித் திரிந்த பெடியள், என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு தேவாரம் சொன்ன அன்ரிமார், சாப்பாட்டு மண்டபத்தை அப்படியே போட்டுவிட்டு வெளியே இறங்கிய பண்ணைக் குடும்பம், பொலிசார், எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எங்கள் ஆட்களின் வீடுகளுக்கு நேரில் வருவேன்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது அப்பாவைத் தன் கொட்டிலில் வைத்திருந்த, மேப்பிள் பாணி காய்ச்சிய அந்த ஐயாவுக்காகத்தான். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நீங்கள் வாசியுங்கள்.

பாணி காய்ச்சும் கொட்டிலின் கதவைத் தள்ளிக்கொண்டு நான் உள்ளே போனபோது ஒரே வெள்ளை ஆவி. முதலில் கண்ணில் பட்டது அப்பாவின் கால்கள். விறகடுப்புக்கு முன்னால் ஒரு மரக்குற்றியில் இருந்தார். ஈரச் சப்பாத்து ஒரு பக்கம், அவருடைய சொக்ஸ் அடுப்புக்கு மேலே கம்பியில். காலில் வேறொரு சோடி, சாம்பல் நிறக் கம்பளி, குதியில் சிவப்பு நூலால் தைத்தது. அந்த ஐயா ரப்பர் சப்பாத்துக்குள் வெறுங்காலோடு நின்றார். அடுப்பை விட்டு அவரால் அகல முடியாது, கண் மறைந்தால் தட்டில் பாணி கருகிவிடும். பேரனை அனுப்பித்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

நான் அழுதுகொண்டு கிட்டப் போனேன். ஐயா கையைக் காட்டி என்னை நிற்கச் சொன்னார். சின்னச் சட்டியில் பாணியை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தார்கள், இரண்டு பேருமாக. வாளியில் அள்ளி வைத்திருந்த பனியின்மேல் ஐயா ஒரு கோடு ஊற்றினார். அப்பா விரலால் எடுத்து உருட்டிப் பார்த்து, "காணாது, பதம் வரேல்லை" என்றார். ஐயா என்ன ஏதென்று என்னிடம் கேட்கவில்லை. சட்டியைத் திரும்ப அடுப்பில் வைத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊற்றினார். அப்பா உருட்டினார்.

"பதம்."

"பதாம்" என்று அவரும் சொல்லிவிட்டுச் சட்டியை இறக்கினார்.

காலையில் மொன்-சென்-கிரெகுவாரில் பஸ்ஸால் இறங்கியபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். இப்போது கன தோட்டங்களில் மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய்தான். இங்கே இன்னும் வாளி. அப்பா அதைப் பார்த்து, "முட்டியை ஏன் இவ்வளவு பதிவாக் கட்டியிருக்கினம்?" என்று கேட்டார். 40 லீற்றர் மேப்பிள் மரத்து நீர் வற்றினால்தான் ஒரு லீற்றர் பாணி என்று கூட்டிக்கொண்டு போன பிள்ளை சொல்ல, நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்தோம். அப்பா மட்டும் தலையை ஆட்டினார். பிறகு வாளி வாளியாகப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்.

அப்பாவின் அப்பா இலங்கையின் வடக்கில், பளையில் பனை சீவியவர். சுண்ணாம்பு பூசிய மண்முட்டியைப் பனையில் கட்டி இறக்கிய இனிப்பான கருப்பநீரை அப்பம்மா காய்ச்சிப் பனங்கட்டியாக்கி, குட்டான் என்ற சின்ன ஓலைப்பெட்டியில் வைத்து விற்றவ. மொன்றியலுக்கு வந்து 34 வருடம். இதை நாங்கள் வெளியில் ஒருவருக்கும் சொன்னதில்லை. ஏன் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊரில் என்ன செய்தனீங்கள் என்று கேட்டால் தோட்டம் என்போம். மறதி வந்த பிறகு, "முட்டி இறக்க வேணும்" என்று அப்பா விடியப்புறத்தில் எழும்பும்போதெல்லாம், "இது கனடா அப்பா, சத்தம் போடாதேங்கோ, பக்கத்தில ஆக்கள் இருக்கினம்" என்று அவரை அடக்கியது நான்தான். ஒரு சொல்லும் விளங்காத மனிதர், அப்பா சொன்னதைக் கேட்டுச் சட்டியைத் திரும்ப அடுப்பில் வைத்தார். இரண்டு நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இனி அப்பா முட்டி என்றால், எத்தனை முட்டி என்று கேட்பேன். என் பிள்ளைகளுக்கும் சொல்லப்போகிறேன், அவர்களுடைய பூட்டன் என்ன தொழில் செய்தவர் என்று.

இரவில் உறைந்து பகலில் இளகும் இந்த நாலைந்து கிழமைதான் மரத்தில் நீர் ஓடும். மொட்டு வெடித்தால் பாணியின் ருசி கெட்டுவிடும், கொட்டிலைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் அப்பாவை அங்கே திரும்பக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். யாரிடமாவது ஊரிலிருந்து வந்த பனங்கட்டிக் குட்டான் இருந்தால் ஒன்று தாருங்கள், வெறுங்கையோடு போக மனமில்லை.

நேற்று அந்தச் சொக்ஸைத் துவைத்து அனுப்புவோம் என்று கழற்றப் போனேன். அப்பா காலை இழுத்துக்கொண்டார்.

"அது அந்த மனுசன்ர. நான்தான் கொண்டுபோய்க் குடுக்கோணும்."

நன்றியுடன்,
பளைச் சீவல் தொழிலாளியின் பேத்தி