கயிறும் முளையும் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

மதுரையில் விடுமுறைக்கால வேத கணித (விரைவாகக் கணக்குப் போடும் குறுக்குவழிகள்) வகுப்புகளுக்குக் கூட்டம் சேர்வது குறித்த செய்தியை வாசித்தேன். 97-ஐ 96-ஆல் பெருக்க, அவை நூறுக்கு எவ்வளவு குறைவு என்ற 3, 4 இரண்டையும் வைத்துச் சட்டென்று 9,312 என்கிறார்கள் பிள்ளைகள். கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனால் இது வேதத்திலேயே இருப்பதாகச் சொல்லிக்கொடுப்பது சரியல்ல. 1965-இல் அச்சான 'வேதிக் மேதமேடிக்ஸ்' நூலின் சூத்திரங்கள் இன்று கிடைக்கும் வேத நூல்களில் இல்லை.

வழிபாட்டில் பிறந்த கணக்கு உண்மையிலேயே வேண்டுமென்றால் வேள்வி மேடை கட்டும் அளவுகளைச் சொல்லும் பழைய சமஸ்கிருத நூல்களான சுல்ப சூத்திரங்கள் இருக்கின்றனவே! பருந்து வடிவ வேள்வி மேடையை அடுக்குக்கு 200 கல் வீதம் ஐந்து அடுக்காகக் கட்ட வேண்டும். வடிவம் மாறினாலும் பரப்பளவு மாறக் கூடாது. அந்தக் கெடுபிடியால்தான் செவ்வகத்தின் மூலைவிட்ட விதியை, அதாவது நாம் பிதாகரஸ் தேற்றம் என்று படிப்பதை, சுல்ப சூத்திர ஆசிரியர்களில் ஒருவரான போதாயனர் எழுதிவைத்தார். 'சுல்பம்' என்றால் அளவுக் கயிறு. பசுமலையில் எங்கள் வீட்டுக்கு வானம் தோண்டியபோது கொத்தனாரும் நூல் கட்டி, ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்த்துத்தான் மூலைமட்டம் சேர்த்தார். அவர் பள்ளிக்கூடத்தில் பிதாகரஸ் படித்தவரல்ல.

ஆகவே இவ்வகுப்புகளை நடத்துவோர் ஒரு நாளாவது பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போய், கயிறும் முளைக்குச்சியும் கொடுத்துச் செங்கோணம் போடச் சொல்லலாம். அப்புறம், அந்த 97 x 96 ஏன் சரியாக வருகிறது என்பதையும் இயற்கணிதத்தில் விளக்கிவிடலாம்.

- ஒரு வாசகர், பசுமலை, மதுரை.