முரளிக்கு, கெர்னல் புலம்பல்

டேய் முரளி,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இப்ப டிவியில யாரைப் பார்த்தாலும் "இவனுக்கு இவ்ளோ வயசாயிடுச்சா"ன்னு கேக்கறாங்க. உன் வீட்டு பெயின்ட் வேலை இன்னும் இழுக்குதுன்னு சேகர் சொன்னான். அவன் சொல்றதுல பாதியைத்தான் நம்பணும். சரி, விஷயத்துக்கு வரேன். இங்க இதைக் கேக்க ஆள் இல்லை.

லினக்ஸோட மையமான கெர்னல்ல, யாரும் கூப்பிடாத டிரேஸ் ஈவென்ட்டுகளை (கோட் அந்த இடத்தைத் தாண்டறப்ப குறிப்பு எழுதறதுக்குன்னு வெக்கற புள்ளிகள்) தேடித் தூக்கற வேலையில உக்காந்திருக்கேன். சிரிக்காதே. ஒரு ஈவென்ட்டுக்கு ஏறத்தாழ 5 கிலோபைட் மெமரி போகுது, அதை யாரும் கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாட்டாலும் சரி. கெர்னல் மெமரி ஸ்வாப்புக்கும் போகாது, ஷட்டௌன் வரைக்கும் அங்கேயே கிடக்கும்.

கோடை மெஷினுக்கு மொழிபெயர்க்கற கம்பைலர், உபயோகமில்லாததைப் பார்த்து ஏன் கத்தலைன்னு கேப்பே. சாதாரண ஸ்டாட்டிக் ஃபங்ஷன்னா கத்தியிருக்கும். இங்க ஹெடர்ல ஒரே ஒரு மேக்ரோ (கம்பைலுக்கு முன்னாடி கோடா விரியற சுருக்கம்) எழுதறோம்: என்ன ஆர்க்யுமென்ட், குறிப்புகள் சேர்ற ரிங் பஃபர்ல எதை எழுதணும், எப்படி பிரின்ட் பண்ணணும். அதே ஹெடரை, மேக்ரோவோட அர்த்தத்தை மாத்தி மாத்தி, திரும்பத் திரும்ப இன்க்ளூட் பண்ணுவாங்க. ஸ்ட்ரக்ட், ஃபங்ஷன், ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் அதுலேர்ந்து வந்து விழும். அதுங்க லிங்கர் தனியா ஒதுக்கற செக்ஷன்ல போய் உக்காந்துடறதால, கம்பைலரைப் பொறுத்தவரைக்கும் எல்லாமே உபயோகத்துல இருக்கு.

ஆனா எனக்கு உறுத்தறது மெமரி இல்லைடா. அந்த ஈவென்ட்டுக்கு டிரேஸிங்ல ஒரு டைரக்டரி இருக்கும், உள்ள எனேபிள் ஃபைல் இருக்கும். 1 எழுதினா வாங்கிக்கும், எரர் கிடையாது. ஸ்விட்ச் இருக்கு, ஒயர் இல்லாத காலிங் பெல். ராத்திரி ரெண்டு மணிக்கு எவனோ ஒருத்தன் அதைப் போட்டுட்டு, ஒரு வரிகூட வரலைன்னதும் "இந்தப் பக்கம் கோட் வரவே இல்லை போல"ன்னு முடிவு பண்ணி வேற எங்கேயோ தேடப் போவான். டிரேஸிங் பொய் சொன்னா அப்புறம் எதைடா நம்பறது?

சரி, தூக்கிடலாம்னு பார்த்தா அதுவும் நேரா போகலை. கோட் மாறின வரலாறு இருக்கற கிட் லாக்ல தோண்டினா ரெண்டு வகை கிடைக்குது. கூப்பிட்ட ஃபங்ஷனே போயாச்சு, ஈவென்ட் மட்டும் மிச்சம். அதைக் கண்ணை மூடிட்டு வெட்டலாம். இன்னொண்ணு, யாரோ கோடைப் பிரிச்சு அடுக்கறப்ப கூப்பிடற வரி தவறிப்போய் காணாமப் போனது. அங்க ஈவென்ட்டை வெட்டினா தப்பு, அந்த வரியைத் திரும்ப வெக்கணும். கிரெப் அடிச்சு பேரைத் தேடினா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கோடோட ஒரு பகுதியைப் பார்த்துக்கற மெயின்டெய்னர் ஒருத்தர் "இருக்கட்டும், பின்னாடி உதவும்"னார். எனக்கு வந்த கோபத்துக்கு, பதில் எழுதாம டீ குடிக்கப் போயிட்டேன்.

வெளியில யார் எதைப் பிடிச்சுத் தொங்கறாங்கன்னும் தெரியாது. நீ பேட்டரி கணக்குப் பார்த்துட்டே இருப்பியே பவர்டாப், அதோட கதை ஞாபகம் இருக்கா? 2011ல, 2.6.39 வரும்போது கெர்னல் முழுக்கவும் ஒரே பூட்டா இருந்த பிக் கெர்னல் லாக்கை ஒருவழியா ஒழிச்சாங்க. ஒவ்வொரு ஈவென்ட் தலைப்புலயும் அந்த லாக்குக்காக இருந்த லாக் டெப்த் ஃபீல்டையும் எடுத்தாங்க. நியாயம்தானே? பவர்டாப் படுத்துடுச்சு. ஈவென்ட்டோட அமைப்பைச் சொல்ற ஃபார்மட் ஃபைலைப் படிக்காம, எந்த ஃபீல்ட் எத்தனாவது பைட்ல இருக்குன்னு நேரா கோட்லயே எழுதி வெச்சிருந்தாங்க. யூஸர் புரோகிராமை உடைக்கக் கூடாதுங்கறதுல, லினக்ஸை உருவாக்கின லைனஸ் எப்படின்னு உனக்கே தெரியும். பூட்டே இல்லை, அதோட இடத்தை மட்டும் திரும்ப வெக்க வேண்டியதாச்சு, ஒவ்வொரு ஈவென்ட்லயும் 4 பைட் வெத்து பேடிங்! பவர்டாப் ஒழுங்கா ஃபார்மட்டைப் படிக்கக் கத்துக்கிட்ட பிறகுதான் அதை எடுக்க முடிஞ்சுது.

கூப்பிடாத ஈவென்ட் டேட்டாவே தராது, அதனால அந்த ஆபத்து இல்லைன்னு நீ சொல்லலாம். ஆனா அந்த எனேபிள் ஃபைல்ல கண்மூடித்தனமா 1 எழுதற ஸ்கிரிப்ட் எங்கேயோ ஓடிட்டிருக்கும். ஃபைல் இல்லைன்னா பாதியில நின்னுடும், திட்டு எனக்கு வரும்.

உன் ஆபீஸ் ஸ்கிரிப்ட் மேல எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். இன்னும் டிபக்எஃப்எஸ்ங்கற பழைய பொது ஃபைல்சிஸ்டம் வழியாத்தான் டிரேஸிங்குக்குள்ள போறியா? டிரேஸிங்குக்குன்னே டிரேஸ்எஃப்எஸ் 2015லேயே, 4.1 கெர்னல்லேயே தனியா வந்தாச்சு. அந்தப் பழைய வழியை 2030 ஜனவரியில மூடறதா அறிவிச்சிருக்காங்க. அப்படியே, ஃபார்மட் ஃபைலைப் படிக்குதா, இல்ல ஆஃப்செட்டை (எத்தனாவது பைட்ங்கறதை) நேரா எழுதி வெச்சிருக்கியான்னும் பார்த்துச் சொல்லு. ஆஃப்செட்னா போன் பண்ணாதே, நேர்ல வா. அம்மாவும் உன்னைக் கேட்டுட்டே இருக்காங்க. இப்ப தொப்பை தெளிவாத் தெரியும், தயாரா வா.

ரகு