சாட்ஸ்வொர்த் கோயில் மண்டபத்தில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அக்காமார், அண்ணன்மார், பெரியவர்களுக்கு வணக்கம்.

சின்னப் பிள்ளைகளுக்கான ஆட்டிசம் பரிசோதனை நாளில் உழைத்த ஒவ்வொருவருக்கும் எங்கள் பெற்றோர் குழுவின் மனமார்ந்த நன்றி.

முதல் நன்றி, தமிழில் கேள்வி கேட்ட அக்காமாருக்கு. 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கான எம்-சாட் என்ற ஆட்டிசம் கேள்வித்தாளில் 20 கேள்விகள். "விரலால் சுட்டிக் காட்டுவானா?" என்றால், "ஓ, காட்டுவானே!" என்பார் பாட்டி. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் பிஸ்கட் டப்பாமேல் வைப்பதும் அவருக்குக் காட்டுவதுதான். நீங்கள் ஒற்றை விரலை நீட்டி, "இப்படியா, கையை இழுத்தா?" என்று மறுபடி கேட்டீர்கள். அந்த வித்தியாசம்தான் முக்கியம்.

மதிப்பெண் போட்ட தம்பிகளே, 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகளில் மட்டும் 'ஆம்' என்பதற்குத்தான் மதிப்பெண். மற்றவற்றில் 'இல்லை' என்பதற்கு. மதிப்பெண் கூடினால் ஆட்டிசம் இருக்குமோ என்ற சந்தேகமும் கூடும். வழக்கமாகத் தவறு நடக்கும் இடம் இது. ஒவ்வொரு தாளையும் இருவர் பார்த்தீர்கள். 3 முதல் 7 வரை வந்தவர்களிடம் தொடர்கேள்விகளும் கேட்டீர்கள். அதை விட்டிருந்தால் எத்தனை வீடுகள் வீணாகப் பயந்திருக்கும்! 8க்குக் குறையாதவர்களை நேரே மருத்துவரிடம் அனுப்பினீர்கள்.

செவித்திறன் பார்த்த சகோதரிக்கும் நன்றி. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதைச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் காது கேட்கிறது என்றதும், ஆட்டிசத்தைப் பார்க்காமலே பெற்றோர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் யாரையும் அப்படி விடவில்லை. மணியையும் மேளத்தையும் நிறுத்திவைத்த கோயில் கமிட்டியை மறக்கமாட்டோம்.

அமெரிக்காவின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் 8 வயதுப் பிள்ளைகளில் 31க்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். ஆனால் டெக்சாஸின் லரேடோவில் 103க்கு ஒருவர், கலிஃபோர்னியாவில் கணக்கெடுத்த பகுதியில் 19க்கு ஒருவர். பிள்ளைகளா அவ்வளவு வேறுபடுகிறார்கள்? தேடிப் பார்க்க ஆளும் வசதியும் இருக்கும் இடத்தில் கூடுதலாகத் தெரியவருகிறது. நீங்கள் செய்தது அந்தத் தேடலை.

அரசு உதவித்தொகை வழங்கும் சாசா அமைப்புக்கான விண்ணப்பங்களை நிரப்பிய அண்ணனுக்குத் தனி நன்றி. ஊனமுற்ற பிள்ளைகளுக்கான பராமரிப்பு உதவித்தொகை 18 வயதோடு நின்றுவிடும். ஊனமுற்றோர் உதவித்தொகைக்குத் தானாக மாறாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவ அறிக்கை 3 மாதத்துக்கு மேல் பழசாக இருந்தால் செல்லாது. வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு இதை நீங்கள் பொறுமையாகச் சொன்னது பேருதவி.

2 வயதுக்குமுன் 0 முதல் 2 வரை மதிப்பெண் வந்தவர்களை, 2 வயது நிறைந்ததும் மறுபடி பார்க்க வேண்டும். அவர்கள் பெயர்களை நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அதே அக்காமார் வந்தால் பாட்டிமாருக்கும் சந்தோஷம்.

அன்புடன்,
பெற்றோர் குழு, சாட்ஸ்வொர்த், டர்பன்