நாய்க்கு நெறி கட்டினால் ஸ்டீராய்டுக்கு முன் ஒரு சோதனை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெறிநோய்த் தடுப்பூசி முகாம் பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. நல்லது. நாயைப் பிடித்து நிறுத்தியிருக்கும்போதே அதன் தாடைக்கு அடியிலும் ஒருமுறை தடவிப் பார்த்தால் என்ன?

கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தெரு லேப்ரடார் ஒன்றுக்குக் கழுத்துப் பட்டை இறுகிப்போனது. "சதை போட்டிருக்கான் சார்" என்றார் வீட்டுக்காரர். தடவினேன். தாடையின் இரண்டு பக்கமும் கொட்டைப்பாக்கு மாதிரி கெட்டியாக உருண்டது. அழுத்தினாலும் நாய் வாலைத்தான் ஆட்டியது. தோளுக்கு முன்னாலும், பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலும் அதே கட்டி. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பொறை போட்டால் ஓடி வருகிறது. நாய்களுக்கு வரும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும். குடலில் வந்தால் வாந்தி, கழிச்சல், உடம்பு வற்றுதல். நெஞ்சுக்குள் வந்தால் மூச்சிரைப்பு. சில நாய்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறி, குடம் குடமாகத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழிக்கும்.

நெறி கட்டியதெல்லாம் புற்றுநோய் அல்ல. நம் பக்கம் சாதாரணமாக வரும் உண்ணிக் காய்ச்சலிலும் கட்டும். அது டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்குக் கேட்கும். இரண்டையும் கையால் தடவிப் பிரித்துவிட முடியாது. கட்டியில் மெல்லிய ஊசி குத்தி, வருவதைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டாம். பல், ஈறு கெட்டிருந்தாலே தாடைக் கட்டி வீங்கும் என்பதால் முட்டிக்குப் பின்னால் எடுப்பது மேல்.

அந்த லேப்ரடாருக்கு நடந்தது வேறு. யாரோ சொன்னார்கள் என்று முதலிலேயே பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். கட்டி கரைந்தது, வீட்டில் ஒரே சந்தோஷம். சில வாரத்தில் திரும்பி வந்தது. ஸ்டீராய்டு முந்திக்கொண்டால் சோதனையும் குழப்பும், பிறகு புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோ மருந்தும் சரியாக எடுபடாது. பெட்டிக் கடையில் மிட்டாய் வாங்குவதுபோல் அந்த மாத்திரையை வாங்க முடிவதுதான் எனக்கு எரிச்சல்.

சிகிச்சையே இல்லாவிட்டால் பல நாய்கள் ஓரிரு மாதம்தான் தாங்கும். பல மருந்து சேர்ந்த கீமோவில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டி அடங்கும், சுமார் ஓராண்டு நன்றாகவே இருக்கும். முழுக்கக் குணமாவது அபூர்வம்; செலவும் உண்டு, மறைக்க வேண்டாம். அதில் முக்கியமான வின்கிரிஸ்டின், நம் வீட்டு ஓரத்து நித்யகல்யாணியிலிருந்து வருவது. தெருநாய்களின் பிறப்புறுப்புக் கட்டிக்கு நம்மூர் மருத்துவர்கள் போடுகிற அதே ஊசி. அப்புறம், இந்த நோய் மனிதருக்கோ பக்கத்து நாய்க்கோ தொற்றாது. பயந்து நாயைத் தெருவில் விட வேண்டியதில்லை.

செப்டம்பர் 28, உலக வெறிநோய் தின முகாம்களில் நெறி பார்ப்பதையும் சேர்க்கலாம். குடியாத்தம், அணைக்கட்டு பக்கத்து மருந்தகங்களில் எடுக்கும் கண்ணாடித் தகடுகளை வேலூரில் ஓரிடத்தில் வாங்கிப் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்தால், நாயை வேனில் ஏற்றிக்கொண்டு சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை அலைய வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
காட்பாடி.