முடிவெட்டாவிட்டால் யாரும் சாவதில்லை, உண்மைதான்

மன்னார்குடி,
20.5.2020

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா ஊரடங்கில் மூடிய கடைகளைத் திறக்கலாமா கூடாதா என்று இரண்டு வாரமாக உங்கள் வாசகர் பக்கத்தில் நடந்துவரும் வாக்குவாதத்தை ஒரு வரி விடாமல் படித்துவருகிறேன். படிக்க நேரம் நிறைய இருக்கிறது. நான் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன். சென்ற வாரம் ஒரு வாசகர், முடிவெட்டிக்கொள்ளாவிட்டால் யாரும் செத்துவிட மாட்டார்கள், சலூன்களைக் கடைசியாகத் திறந்தால் போதும் என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மார்ச் 24ஆம் தேதி மாலை ஆறு மணிக்குத் தமிழகத்தில் 144 தடை உத்தரவு வந்தபோது என் கடை ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை, எங்கள் தொழிலுக்கு வார விடுமுறை. திங்கட்கிழமை இரவு இழுத்துவிட்ட ஷட்டர் அப்படியே நின்றுவிட்டது. இன்றோடு 58 நாள். கண்ணாடிக்கு முன்னால் பாதி தீர்ந்த பவுடர் டப்பாவும் படிகாரக் கட்டியும் அன்று வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

எங்கள் தொழிலில் ஆபத்து இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. எல்லோரையும் ஆறடி தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். என் கைக்கும் நாற்காலியில் இருப்பவரின் மூக்குக்கும் நடுவே ஆறு அங்குலம்கூட இராது. மே 11ஆம் தேதி முதல் 34 வகைக் கடைகளைத் திறக்கலாம் என்று அரசு பட்டியல் வெளியிட்டபோது, சலூன்களுக்கு அனுமதி கிடையாது என்று அதில் தனியாகவே சொல்லியிருந்தார்கள். எரிச்சல் வந்தது, ஆனால் காரணம் புரிந்தது. கோயம்பேடு சந்தையில் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று பரவிய கதையை நாமெல்லோரும் பார்த்தோம். மே மாதம் சந்தையையே மூடி, காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

ஆனால் ஒரு விஷயத்தை வாசகர்களும் அதிகாரிகளும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஷட்டரை மூடலாம், தலையில் முடி வளர்வதை யாரால் மூட முடியும்? ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து என் கைப்பேசி ஓயவில்லை. "கொஞ்சம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்களேன், யாருக்கும் தெரியாது." முதல் வாரம் மறுத்தேன். அரிசி ரேஷனில் கிடைத்தது. எரிவாயுவுக்கும் அம்மாவின் மாத்திரைக்கும் கையில் காசில்லை. இரண்டாம் வாரம் போனேன். விடிவதற்கு முன்னால், கத்தரியையும் சீப்பையும் டிரிம்மரையும் காய்கறிப் பையில் போட்டு, மேலே இரண்டு முருங்கைக்காயைச் செருகிக்கொண்டு சைக்கிளில் கிளம்புவேன். போலீசார் மறித்தால் காட்டுவதற்குத்தான் முருங்கைக்காய். ஒரே வாரத்தில் பதினோரு வீடு. அதில் ஒரு வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர். எனக்கு நோய் தொற்றியிருந்து, அது எனக்கே தெரியாமல் இருந்திருந்தால், பதினோரு குடும்பத்துக்கும் வாசல் வாசலாகக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். பிறகு சுகாதாரத் துறையினர் வந்து கேட்டால் அந்தப் பதினோரு வீட்டுக்காரர்களும் என்னைப் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். கடை திறந்திருந்தால் ஆபத்து ஓர் அறைக்குள் இருந்திருக்கும். யார் வந்தார், எப்போது போனார் என்று சொல்ல நான் இருந்திருப்பேன்.

இதில் இன்னொன்றும் உண்டு. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் தாத்தா அடைப்பத்தை, அதாவது சவரக் கருவிகள் வைக்கும் பையை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவர். திண்ணை ஏறமாட்டார். கொல்லைப்புறத்தில் துவைகல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வெட்டுவார். கூலி காசாக வராது; அறுவடை முடிந்ததும் களத்தில் நெல் அளந்து போடுவார்கள், சில வருடம் மறந்தும் போவார்கள். அப்பா அதை வெறுத்தார். 1974இல் கடைத்தெருவில் பத்துக்குப் பத்து அடியில் ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்து இரண்டு மரநாற்காலி போட்டார். முடிவெட்டிக்கொள்ள வேண்டுமென்றால் எவராக இருந்தாலும் இங்கே வந்து, பெஞ்சில் காத்திருந்து, முறை வரும்போது அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதுதான் அவர் போட்ட ஒரே சட்டம். (எல்லா ஊரிலும் எல்லாக் கடைகளும் எல்லாச் சாதியாருக்கும் வெட்டின என்று நான் பொய் சொல்லமாட்டேன். எங்கள் தொழிலுக்கும் அந்தக் கறை உண்டு. அப்பா சாதி பார்க்கவில்லை, அதற்காகச் சில வாடிக்கையாளர்களை இழந்தார்.)

நாற்பத்தாறு வருடம் கழித்து, ஏப்ரல் மாத விடியலில் நான் ஒரு கொல்லைப்புறத்தில், துவைகல் பக்கத்தில் நின்றேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர், கேட்டதற்கு மேலேயே கொடுத்தார். காப்பியும் கொடுத்தார்கள், காகிதக் கோப்பையில். அது கொரோனாவுக்காகவா, பழைய காரணத்துக்காகவா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கப்புறம் நான் எந்த வீட்டுக்கும் போகவில்லை.

இனி டாஸ்மாக். அதைச் சொல்லாமல் இந்த விவாதம் முடியாது. மே 7ஆம் தேதி சென்னை நீங்கலாக மற்ற இடங்களில் மதுக்கடைகளைத் திறந்தார்கள். கூட்டத்தைப் பார்த்து மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம் வரை போய் 15ஆம் தேதி அந்த உத்தரவுக்குத் தடை வாங்கி, 16ஆம் தேதி மீண்டும் திறந்துவிட்டது. இந்தமுறை ஒழுங்கு: கிழமைக்கு ஒரு நிறத்தில் டோக்கன், ஒரு மணி நேரத்துக்கு 70 பேர், ஒரு நாளைக்கு ஒரு கடையில் 500 பேர். நான் குடிப்பவன் இல்லை, குடிப்பவர்களைத் திட்டுபவனும் இல்லை. அவர்களுக்கும் நான்தான் சவரம் செய்கிறேன். என் கேள்வி கணக்கைப் பற்றியது. என்னால் ஒரு மணி நேரத்தில் இரண்டு பேருக்கு வெட்ட முடியும். நாள் முழுக்க நின்றாலும் இருபது பேரைத் தாண்டாது. 500 பேரை வரிசையில் நிறுத்துவதற்கு நிறம் நிறமாக டோக்கன் அச்சடிக்கத் தெரிந்த அரசுக்கு, இருபது பேருக்கு ஒரு நடைமுறை எழுத எட்டு வாரம் போதவில்லையா? மதுக்கடைக்காக டெல்லி வரை வழக்கறிஞர் போனார். எங்களுக்காக வட்டாட்சியர் அலுவலகம் வரைகூடப் போக ஆள் இல்லை.

நேற்று முதல் ஊரகப் பகுதிகளில் மட்டும் சலூன்கள் திறக்க அனுமதித்திருக்கிறார்கள். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் கிடையாது. நேற்றும் செவ்வாய்க்கிழமை, விடுமுறை என்று பாராமல் திறந்தார்கள், நானாக இருந்தாலும் திறந்திருப்பேன். நகரத்தில் நெரிசல் அதிகம் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். நடந்தது என்னவென்றால், நகராட்சி எல்லையைத் தாண்டியதும் முதலில் இருக்கும் ஒற்றை நாற்காலிக் கடையின் முன்னால் காலை ஏழு மணிக்கே முப்பது இருசக்கர வண்டிகள். அத்தனையும் எங்கள் நகரத்து வண்டிகள். என் வாடிக்கையாளர்கள் நாலு பேரை நானே அடையாளம் கண்டேன். (நான் ஏன் அங்கே போனேன் என்று கேட்காதீர்கள். எனக்கும் தலையில் முடி வளர்கிறது.) நெரிசலைத் தவிர்ப்பதற்காகப் போட்ட கோடு, மூன்று வார்டு நெரிசலை ஒரு கூரைக்கடியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

முடிதிருத்துபவர்களுக்குக் கட்டுப்பாடு புரியாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில்தான். சில வருடங்களில் அந்தப் பயம் எங்கள் கடைகளுக்குள்ளும் வந்தது. அதுவரை ஒரே சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டித் தீட்டி எல்லோருக்கும் போட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம் பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் செருகி, ஆளுக்கு ஒன்று மாற்றும் பழக்கம் வந்தது. புது பிளேடு பிரிப்பதை வாடிக்கையாளர் கண்ணால் பார்த்தால்தான் கன்னத்தைக் கொடுத்தார். யாரும் கடையை மூடவில்லை, கருவியை மாற்றினோம்.

இப்போதும் முடியும். முதல் ஒரு மாதம் சவரம் வேண்டாம், முடிவெட்டு மட்டும் போதும். சவரத்துக்கு முகக்கவசத்தைக் கழற்றியாக வேண்டும். துண்டு வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே வரட்டும். காத்திருக்கும் பெஞ்சை நானே வெளியே தூக்கிப் போட்டுவிடுகிறேன், தொலைபேசியில் நேரம் சொல்லி ஒவ்வொருவராக வரட்டும். ஒரு நோட்டில் பெயரும் எண்ணும் எழுதி வைக்கிறேன். சட்டம் எழுதும் அதிகாரிகளுக்கு ஒரு சின்ன யோசனையும்: காதில் மாட்டும் முகக்கவசத்தோடு கிருதாவையோ காதோரத்தையோ வெட்ட முடியாது. நாடா கத்தரிக்குள் வந்துவிடும். அந்த ஐந்து நிமிடம் வாடிக்கையாளர் அதைக் கையால் மூக்கோடு பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதுங்கள். எங்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் இதை முதல் நாளே சொல்லியிருப்போம்.

நலவாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு அரசு இரண்டு தவணையாக 2000 ரூபாய் கொடுத்தது. நன்றி. என் கடை வாடகை மாதம் 4500. கட்டட உரிமையாளர் ஒரு மாதத்தை விட்டுக்கொடுத்தார், அடுத்த மாதத்தைப் பற்றிப் பேச்செடுக்கும்போது வேறு பக்கம் பார்க்கிறார். அவருக்கும் அதுதான் வருமானம். என்னிடம் வேலை பார்த்த பையன் இப்போது ஏரி வேலைக்குப் போகிறான். திரும்பி வருவானா தெரியவில்லை.

இந்த ஊரடங்கு 31ஆம் தேதி வரை. அதற்குள் எங்களுக்கு அனுமதி தர முடியாதென்றால், எந்தத் தேதியில், எந்தக் கணக்கில் முடியும் என்பதையாவது அரசு அறிவிக்கட்டும். கடையில் வெள்ளையடிக்க ஒரு நாள் வேண்டும்.

வீடு வீடாகப் போனதை நானே எழுதிக் கொடுத்திருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கடிதத்தைச் சுருக்கினால் காகிதக் கோப்பையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு முடிதிருத்துநர்,
மன்னார்குடி