எடைக்குப் போடாதீர்கள்: கல்லூரி நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நூலகர்களுக்கு,

வணக்கம். போன ஆனி மாதம் பேரனுடைய பழைய நோட்டுகளைப் போட எங்கள் ஊர்ப் பேப்பர் கடைக்குப் போயிருந்தேன். தராசுக்குப் பக்கத்தில் இரண்டு யூரியா சாக்கு இருந்தது. ஒன்றின் வாய் பிரிந்து, மெலிசான பத்திரிகைகள் சரிந்து கிடந்தன. மேலே கிடந்ததன் அட்டையில் ஒரே கோட்டில் வரைந்த ஒரு மனித முகம். உள்ளே முதல் பக்கத்தில் ஒரு கல்லூரி நூலகத்தின் ஊதா முத்திரை. குனிந்து இன்னொன்றை எடுத்தேன், அப்புறம் இன்னொன்று. எல்லாம் சிறுபத்திரிகைகள், இலக்கியத்துக்காகக் கைக்காசு போட்டுக் கொஞ்சம் பிரதி மட்டும் அடித்தவை. பெரும்பாலும் எழுபதுகளில் வந்தவை. ஸ்டென்சில் வெட்டிப் படியெடுக்கும் சைக்ளோஸ்டைலில் ஓட்டிய ஓர் இதழும் இருந்தது. எங்கள் பக்கத்து ஊரிலிருந்து மூன்றே தடவை வந்து நின்றுபோனது அது. அதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

பத்தொன்பது கிலோ. மொத்தமாக வாங்கிக்கொண்டேன். கடைக்காரர் கட்டிக்கொடுத்துக்கொண்டே, "இதுல என்னம்மா இருக்கு, ஒரு பளபளப்புகூட இல்லையே" என்று கேட்டார். அவருக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை.

மறுநாள் அந்தக் கல்லூரிக்குப் போனேன். பெயர் வேண்டாம். நூலகர் மரியாதையாக உட்கார வைத்துப் பேசினார். இதழ்கள் எல்லாம் யாரோ ஒரு பழைய பேராசிரியர் நன்கொடையாகத் தந்தவை, பதிவேட்டில் எண் ஏறவில்லை, பைண்டு செய்யவில்லை, ஆய்வுக் குழு வருகிறது, அலமாரியில் இடமில்லை என்று சொன்னார். "முக்கியமானது எல்லாம் தொகுப்பா வந்துருச்சேம்மா" என்றும் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒரே ஆளாக அந்த நூலகத்தை நடத்துகிறார். இதே சாக்கு இன்னும் எத்தனை ஊரில் நிரம்பிக்கொண்டிருக்குமோ என்ற பயத்தில்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

என் அப்பா கம்பாசிட்டர். ட்ரெடில் இயந்திரம் ஒன்று மட்டுமே இருந்த அச்சகத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புத்தகம் இவைதான் சோறு போட்டன. ராத்திரியில், முதலாளியின் சம்மதத்தோடு, இரண்டு வாலிபர்களின் பத்திரிகைக்கு அச்சுக்கோத்துக் கொடுப்பார். எழுத்துக் கேஸிலிருந்து ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்குவார். நான்கு பக்கம் ஓடினதும் அதைக் கலைத்தால்தான் அடுத்த நான்கு பக்கத்துக்கு எழுத்துக் கிடைக்கும், அவ்வளவு கொஞ்சம் எழுத்து. சில இதழ்களில் நடுவே 'ஞ' மட்டும் வேறு அளவில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்துத் தீர்ந்துபோய் வேறு கேஸிலிருந்து கடன் வாங்கியதன் அடையாளம் அது. அம்மா பசை காய்ச்சி முகவரிச் சீட்டு ஒட்டுவாள். அவள் பெயர் எந்த இதழிலும் இல்லை. அந்தப் பத்திரிகைகளில் பெண் பெயரே அபூர்வம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். புரட்சி பேசிய இடத்திலும் பசை காய்ச்சும் வேலை பெண்ணுக்குத்தான் வந்தது.

உலகத்தில் பல ஊர்களில் 'நிலத்தடிப் பத்திரிகை' என்று சொன்னார்களே, அதற்கு நம் ஊர்ப் பெயர் 'தனிச்சுற்றுக்கு மட்டும்'. அட்டையின் மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பதிவு எண் இல்லை, கடையில் கிடைக்காது, தெரிந்தவர் தெரிந்தவருக்கு அனுப்புவது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகள் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும், 1956 திருத்தத்துக்குப் பிறகு பத்திரிகைகளும். ஆனால் நூறு இருநூறு பிரதி அடித்துத் தபால் செலவுக்கே தவித்த இந்த இதழ்களில் எத்தனை அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்? அப்படிப் போகாததற்கு, உங்கள் கல்லூரியில் ஒரு தமிழாசிரியர் சந்தா கட்டி வாங்கிய பிரதிதான் கடைசிப் பிரதியாக இருக்கலாம்.

கடைக்காரர் கேட்ட பளபளப்புக்கு வருகிறேன். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' என்ற சிறுபத்திரிகையைத் தொடங்கியபோது அலங்காரமே வேண்டாம் என்றுதான் தொடங்கினார். 119 இதழ் கொண்டுவந்தார். புத்தகங்களைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அவர் நடந்த கதை உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். உங்கள் நூலகப் படி ஏறியும் அவர் வந்திருக்கலாம். அதன் பிறகு 1968இல் சேலத்திலிருந்து 'நடை', 1970 அக்டோபரில் சென்னையிலிருந்து 'கசடதபற' என்று வந்தபோது ஓவியர்கள் உள்ளே வந்தார்கள். 'வல்லின மாத ஏடு' என்றே தன்னைச் சொல்லிக்கொண்டது கசடதபற. எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்த ஆதிமூலம் போன்றவர்களின் கோடுகள் கவிதைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. கவிதைக்கு விளக்கப்படமாக அவை வரவில்லை, தம் பேச்சைத் தாமே பேசின.

ஏன் கோடு? இதை அச்சகத்தில் வளர்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். அன்றைக்குப் படம் போட வேண்டுமென்றால் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்து மரக்கட்டையில் அறைந்து எழுத்தோடு சேர்த்து முடுக்க வேண்டும். போட்டோ மாதிரி நிழல் வேண்டுமென்றால் புள்ளி புள்ளியான ஹாஃப்டோன் பிளாக். அது விலை அதிகம், நியூஸ்பிரிண்டில் ஓட்டினால் புள்ளிக்குள் மை அடைத்துக் கரியாகிவிடும். லைன் பிளாக் மலிவு. மட்டமான தாளிலும் சுத்தமாக விழும். சென்னை ஓவியர்கள் கோட்டைத் தேடிப் போனதற்குக் கலைக் காரணங்கள் ஆயிரம் இருந்தன. அவர்கள் கோடு எங்கள் ட்ரெடிலுக்கும் பொருந்திப் போனது எங்களுக்குக் கிடைத்த கொடை. அப்பா அப்படி ஒரு பிளாக்கை முடுக்கிவிட்டு, அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று தாளின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பார். கூடுதலாக அழுத்தினால் கோடு மறுபக்கம் புடைக்கும். நான் சாக்கிலிருந்து எடுத்த இதழ்களில் அந்தப் புடைப்பு இன்னும் விரலுக்குத் தட்டுகிறது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் ஒரு தாளை எவ்வளவு அழுத்தினார் என்பது அதில் இருக்கிறது. எந்த ஸ்கேனிலும் அது வராது. 'அஃக்' என்ற சிறுபத்திரிகையைக் கொண்டுவந்த பரந்தாமன் தாமே அச்சுக்கோத்துத் தாமே ஓட்டியவர். அவருடைய இதழை எழுத்தை மட்டும் தட்டச்சுச் செய்து வைத்தால், அவர் செய்ததில் பாதியைத் தூக்கிப் போட்டதாக ஆகிவிடும்.

அதே தலைமுறை ஓவியர்கள்தாம் மூத்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் பாத்திக் துணி செய்து விற்று, அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். அரசு வேலையையோ பணக்காரர் வீட்டுச் சுவரையோ நம்பாமல் கலைஞன் பிழைக்க வழி தேடினார்கள். அங்கே கடற்கரை மணலில் நடந்ததும், இங்கே ட்ரெடில் பக்கத்தில் நடந்ததும் ஒரே காரியம் என்றுதான் நான் நினைக்கிறேன். கிராமத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம். பத்திரிகைகளை உங்கள் அலமாரியில்தான் பார்க்க முடியும்.

நம்மோடு மட்டும் இது நின்றுவிடவில்லை. 1961 நவம்பரில் வங்காளக் கவிஞர் மலய் ராய் சௌத்ரியும் நண்பர்களும் 'பசித்த தலைமுறை' என்ற தங்கள் இலக்கிய இயக்கத்தின் முதல் அறிக்கையை ஒற்றைத் தாளில் அடித்தார்கள். பட்னாவில் வங்காள அச்சகம் கிடைக்காததால் அதை ஆங்கிலத்தில் அச்சிட்டார்கள். அடுத்தடுத்த தாள்களைக் கல்கத்தா காபி ஹவுஸில் கையில் கொடுத்தார்கள். முகமூடிகளை அதிகாரிகளுக்குத் தபாலில் அனுப்பி, "உங்கள் முகமூடியைக் கழற்றுங்கள்" என்றார்கள். 1964இல் கைது. ஒரு கவிதைக்காக ஆபாச வழக்குப் போட்டு, கீழ்க்கோர்ட்டில் 200 ரூபாய் அபராதம் விதித்தார்கள். 1967இல் உயர்நீதிமன்றம் மலயை விடுவித்தது. ஆனால் போலீஸ் அள்ளிக்கொண்டு போன கையெழுத்துப் படிகளும் கடிதங்களும் போனவைதான். ஒற்றைத் தாளை யார் பைண்டு செய்து வைப்பார்கள்? கையில் வாங்கியவர்கள் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்கள், சட்டையோடு துவைத்தார்கள். தெலுங்கில் 'திகம்பர கவிகள்' என்ற கலகக் கவிஞர் குழு 1965இல் தன் முதல் தொகுதியை நள்ளிரவில் ஐதராபாத் தெருவில் ஒரு ரிக்ஷாக்காரரைக் கொண்டு வெளியிட்டது. அந்த இரவுக்கும் சாட்சி சொல்வது காகிதம்தான்.

கல்கத்தாவில் ஒரு விஷயம் மட்டும் நல்லபடியாக நடந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் சந்தீப் தத்தா என்ற மாணவர் ஒரு பெரிய நூலகத்தில் சிற்றிதழ்களைக் குப்பை மாதிரிக் குவித்திருப்பதைப் பார்த்தார். நான் பேப்பர் கடையில் பார்த்ததைத்தான் அவரும் பார்த்தார். 1978இல் டேமர் லேனில் இருந்த தம் வீட்டின் கீழ்த்தளத்தையே சிற்றிதழ் நூலகமாக்கினார். பள்ளி ஆசிரியர் சம்பளத்தில் நடத்தினார். 2023இல் இறக்கும்வரை நடத்தினார். நம்மிலும் அப்படிப்பட்டவர் இருந்திருக்கிறார். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர். அவர் சேர்த்த காகிதத்தின் மேல்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. ஈழத்தவர்கள் 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்டவர்கள். 'மல்லிகை', 'அலை' முதலிய இதழ்களை அவர்கள் 'நூலகம்' இணையத்தளத்தில் பக்கம் பக்கமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். இழந்தவர்களுக்குத் தெரிந்தது நமக்கு இன்னும் தெரியவில்லை.

"தொகுப்பு வந்துவிட்டது" என்பதற்குப் பதில் சொல்கிறேன். 'எழுத்து' இதழில் வந்த கவிதைகளிலிருந்து 24 பேருடைய 63 கவிதைகளை எடுத்து 1962இல் 'புதுக்குரல்கள்' வந்தது. அருமையான தொகுப்பு, என்னிடம் இருக்கிறது. ஆனால் இதழில் அந்தக் கவிதைக்கு முன்பக்கம் ஒரு கட்டுரை, பின்பக்கம் அதைத் திட்டி ஒரு வாசகர் கடிதம், கடைசி அட்டையில் சந்தா பாக்கி பற்றி ஆசிரியரின் வேண்டுகோள் என்று ஒரு தெருவே இருக்கும். தொகுப்பு அந்தத் தெருவிலிருந்து நல்ல வீடுகளை மட்டும் பெயர்த்துக்கொண்டு வருவது. தோற்ற கவிதைகளும் எனக்கு வேண்டும். மட்டமான கவிதைகள் அவற்றில் நிறைய உண்டு, மறைக்கவில்லை. யாரோடு யார் சண்டை போட்டார்கள், யாருக்கு இடமே தரவில்லை, யார் மூன்று இதழோடு கடனாளியானார் என்பதெல்லாம் அந்த மீதிப் பக்கங்களில்தான் தெரியும். பரோடாவில் ஓவியர்கள் குலாம் முகமது ஷேக்கும் பூபேன் கக்கரும் 1969 முதல் 1973 வரை நடத்திய 'விருச்சிக்' இதழை இன்று ஹாங்காங்கில் இருக்கும் ஆசிய கலை ஆவணக் காப்பகம் முழு முழு இதழாக இணையத்தில் வைத்திருக்கிறது. மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் போக்கை எதிர்த்து ஓவியர்கள் போட்ட சண்டையை அதனால்தான் இன்று ஒரு மாணவர் வரிசையாகப் படிக்க முடிகிறது.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன்? கட்டடமோ நிதியோ கேட்கவில்லை.

கழிவு செய்யும் பட்டியலில் 'பதிவு எண் இல்லாத பருவ இதழ்கள்' என்று ஒரு வரி வந்தால், கையெழுத்துப் போடும் முன் அந்தக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'தனிச்சுற்றுக்கு' என்ற சொல் கண்ணில் பட்டால் அதைத் தனியே வையுங்கள். தமிழ்த்துறையில் ஒருவரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள். அப்படியும் உங்களுக்கு வேண்டாம் என்றால், வாங்கிக்கொள்ளும் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், பதில் வரும்வரை சாக்கைக் கட்டாதீர்கள்.

பைண்டிங் கொடுத்தால் அட்டையைக் கிழித்துவிட்டுத் தைக்க வேண்டாம் என்று பைண்டரிடம் நின்று சொல்லுங்கள். இதுவரை போன அட்டைகளில் பெரும்பங்கு அப்படிப் போனவைதான். ஓரம் வெட்டவும் விடாதீர்கள், ஓவியத்தின் விளிம்பு போய்விடும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை பழுத்துத் தாளையும் தின்றுவிடும். துருப்பிடித்த பின்னை மெதுவாகக் கழற்றி, வெள்ளைத் தாளில் சுற்றி, படுக்கை வசத்தில் பெட்டியில் வைத்தால் போதும். இடையில் இருக்கும் சந்தாச் சீட்டு, மணியார்டர் துண்டு, துண்டறிக்கை எதையும் எடுத்தெறியாதீர்கள்.

நான் வாங்கி வந்த பத்தொன்பது கிலோவை இப்போது வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறேன். பக்கத்து ஊர் சைக்ளோஸ்டைல் இதழில் முதலும் மூன்றாவதும் இருக்கின்றன. மூன்றாவதின் கடைசிப் பக்கத்தில், "அடுத்த இதழ் தை மாதம்" என்று ஸ்டென்சிலில் கையால் எழுதியிருக்கிறது. இரண்டாவது இதழ் சாக்கில் இல்லை. உங்களில் யாருடைய அலமாரியிலாவது அது இருக்கலாம், கீழ்த்தட்டில், கயிறு கட்டிய கட்டுக்குள். ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு கம்பாசிட்டரின் மகள்