டிபியா பற்றி ட்ராட்டர் அம்மாவுக்கு ஒரு கடிதம்

பேராசிரியர் மில்ட்ரெட் ட்ராட்டர் அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் 1991-ல் மறைந்துவிட்டீர்கள். அப்புறம் நடந்த ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தொடையெலும்பின் நீளத்தை 2.38-ஆல் பெருக்கி 61.41-ஐக் கூட்டு, ஆளின் உயரம் கிடைக்கும். மாணவியாக இருந்தபோது நீங்கள் எனக்கு அறிமுகமானது இந்தக் கணக்கின் வழியாகத்தான். எலும்பு 45 செ.மீ. இருந்தால் ஆள் சுமார் 168.5 செ.மீ. வெள்ளை அமெரிக்க ஆண்களுக்கான கணக்கு அது. மற்றவர்களுக்கு வேறு எண்கள் வேண்டும் என்பதையும் நீங்களே காட்டினீர்கள்.

அதற்கு முன் ஆய்வாளர்கள் நம்பியிருந்தது புள்ளியியலாளர் கார்ல் பியர்சனின் சூத்திரத்தை. 1899-ல், நீங்கள் பிறந்த வருஷம், பிரான்ஸில் பிணங்களை அளந்து வைத்திருந்த எண்களிலிருந்து அவர் போட்டது. நீங்கள் 1948-ல் ஹவாய்க்குப் போனீர்கள். பசிபிக் போரில் இறந்த வீரர்களை எலும்பை வைத்து அடையாளம் காணும் வேலை. படையில் சேர்ந்த அன்று அளந்த உயரம் ஏட்டில் இருக்கிறது. அதே ஆளின் எலும்பு மேஜைமேல் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள். உயிரோடு நின்றவனின் உயரத்தோடு எலும்பை ஒப்பிட்டதுதான் உங்கள் வேலையின் பலம். கோல்டின் கிளெசரோடு சேர்ந்து 1952-ல் அதை வெளியிட்டீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிபியாவின், அதாவது முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பின் கீழ்முனையில், கணுக்காலின் உள்பக்கம் ஒரு முண்டு துருத்திக்கொண்டிருக்குமே, அதையும் சேர்த்து அளந்ததாக எழுதியிருந்தீர்கள். 1990-களில் மானிடவியலாளர் ஜான்ட்ஸும் அவரோடு இருந்தவர்களும் நீங்கள் அளந்த எலும்புகளையே மறுபடி அளந்தார்கள். உங்கள் எண்கள் 10 முதல் 12 மில்லிமீட்டர் குறைவாக இருந்தன. முண்டை விட்டுவிட்டு அளந்திருக்கிறீர்கள், அம்மா. முண்டோடு அளந்து டிபியாவுக்கான உங்கள் சூத்திரத்தில் போட்டால் உயரம் இரண்டரை, மூன்று செ.மீ. கூடிவிடுகிறது.

அவர்கள் அளந்தது, டெர்ரி தொகுப்பு என்ற மனித எலும்புக்கூட்டுச் சேகரிப்பில் நீங்கள் அளந்திருந்த எலும்புகளை. உங்கள் ஆசிரியர் டெர்ரி 1941-ல் ஓய்வுபெற்ற பிறகு அதைக் கட்டிக்காத்தவரே நீங்கள்தான். 1967-ல் அது பத்திரமாக ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் உங்களால்தான். எலும்பும் இருந்தது, நீங்கள் குறித்து வைத்த எண்ணும் இருந்தது. தப்பு அதனால்தான் பிடிபட்டது.

உங்களுக்கு வருத்தமாக இருக்குமோ என்று தயங்கினேன். அப்போது 1946 ஞாபகம் வந்தது. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பதினாறு வருஷம் இணைப் பேராசிரியராகவே உங்களை வைத்திருந்தார்கள். நீங்கள் துறைத் தலைவரிடம் நேரே போய், என்னிடம் என்ன குறை என்று கேட்டீர்கள். குறை எதையும் அவர்களால் காட்ட முடியவில்லை. அங்கே மருத்துவப் பள்ளியின் முதல் பெண் முழுப் பேராசிரியர் ஆனீர்கள். அப்படிக் கேட்டவரிடம் இதை மறைப்பது மரியாதை இல்லை என்று தோன்றியது.

கடைசியில் உங்கள் உடலையும் அதே மருத்துவப் பள்ளிக்கே எழுதி வைத்துவிட்டீர்கள்.

இப்போது என் வகுப்பில் அளக்கும் பலகைமேல் டிபியாவை வைக்கும்போது, முண்டு பலகையைத் தொடுகிறதா என்று ஒவ்வொரு பிள்ளையையும் குனிந்து பார்க்கச் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால் உங்கள் பெயரைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உடற்கூறியல் கற்பிக்கும் ஒருத்தி